இண்டிகேட்டர் முதலில், பிரேக் பிறகு: கார் விளக்குகளுக்கு முழுமையான வழிகாட்டி

பிரேக்கை மிதித்து, வேகம் குறைந்து, ஸ்டியரிங் பாதி திரும்பிய பிறகு போடும் இண்டிகேட்டரால் யாருக்கும் பயனில்லை. பின்னால் வரும் பைக்காரர் அதற்குள் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தானே முடிவெடுத்திருப்பார். பல நேரம் அது நீங்கள் திரும்பப் போகும் பக்கமாகவே இருக்கும். இண்டிகேட்டரே போடாதவரைக்கூட அவர் வேகத்தை வைத்து ஊகித்துவிடலாம். தாமதமாகப் போடுகிறவரையும், போட்டுவிட்டு அணைக்க மறந்தவரையும் ஊகிக்க முடியாது.

லீவர் எங்கே, எந்தப் பக்கம் தள்ளுவது

மாருதி, டொயோட்டா, ஹோண்டா கார்களில் இண்டிகேட்டர் லீவர் ஸ்டியரிங்கின் வலது பக்கம் இருக்கும். வைப்பர் இடது பக்கம். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களில் இது மாறியிருக்கும். ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர் முதல் வாரம் முழுக்க இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரை ஓட்டுவது இதனால்தான். லீவர் எந்தப் பக்கம் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்: ஸ்டியரிங்கை எந்தத் திசையில் சுற்றப் போகிறீர்களோ அந்தத் திசையிலேயே லீவரும் போகும். வலதுபக்க லீவரில் வலப்புறம் திரும்பக் கீழே, இடப்புறம் திரும்ப மேலே. இடதுபக்க லீவரில் இதற்கு நேர்மாறு.

லீவருக்கு இரண்டு நிலை உண்டு. ‘டக்’ என்று விழும்வரை தள்ளினால் அங்கேயே நிற்கும். லேசாகத் தட்டிவிட்டால், புதிய கார்கள் பலவற்றில் மூன்று முறை மின்னி அணைந்துவிடும். லேன் மாற இது போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும். நடுவே 90 என்று வைத்துக்கொண்டால் மூன்று மின்னல் முடிய இரண்டு நொடி. அதற்குள் பின்னால் வருபவர் பார்த்து, புரிந்து, வேகம் குறைக்க வேண்டும். போதாது. நெடுஞ்சாலையில் லீவரை முழுதாகத் தள்ளி, லேன் மாறி முடிந்ததும் கையால் அணைப்பதே நல்லது.

திரும்பி முடித்ததும் லீவர் தானாகத் திரும்பி வருவது ஸ்டியரிங் தண்டில் இருக்கும் ஒரு சிறு முனையால். ஸ்டியரிங் நன்றாகச் சுழன்று திரும்ப நேராகும்போது அந்த முனை லீவரைத் தட்டிவிடும். லேன் மாற்றத்திலோ, ஒய் வடிவப் பிரிவில் இலேசாக ஒதுங்கும்போதோ ஸ்டியரிங் அந்த அளவுக்குச் சுற்றுவதில்லை. இண்டிகேட்டர் எரிந்துகொண்டே இருக்கும். பாட்டுச் சத்தத்தில் ‘டிக் டிக்’ காதில் விழாது. ஆகவே திரும்பி முடித்த பின் மீட்டரில் பச்சை அம்புக்குறி அணைந்ததா என்று ஒரு பார்வை பார்த்துப் பழகுங்கள்.

வலப்புறம் திரும்புவது, படிப்படியாக

1. உள்கண்ணாடி, பிறகு வலது பக்கக் கண்ணாடி. யார், எவ்வளவு தூரத்தில் வருகிறார் என்று தெரிந்த பிறகே அடுத்தது.

2. திரும்பும் இடத்துக்கு ஐந்து நொடி முன்பு இண்டிகேட்டர். 40 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் போகும். ஐந்து நொடி என்றால் 55 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் 83 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 140 மீட்டர்.

3. இரண்டு மூன்று முறை மின்னிய பிறகு வலது கண்ணாடியை மறுபடி பாருங்கள், தோளுக்கு மேலாகவும் ஒரு பார்வை. கண்ணாடியில் தெரியாத இடத்தில்தான் பைக் இருக்கும். வழி இருந்தால் மட்டும் சாலையின் நடுப்பக்கம் நகருங்கள்.

4. இப்போதுதான் பிரேக். இண்டிகேட்டரைப் பார்த்த பிறகு பிரேக் லைட்டைப் பார்ப்பவருக்கு இரண்டும் சேர்ந்து ஒரு வாக்கியமாகப் புரியும். வெறும் பிரேக் லைட் மட்டும் பார்த்தவர், ‘ஏதோ பள்ளம் போல’ என்று நினைத்து வலதுபுறமாகவே ஏறி வருவார்.

5. எதிரே வண்டி வந்தால் நின்று காத்திருங்கள். சக்கரங்களை நேராகவே வைத்திருங்கள். முன்கூட்டியே வலப்புறம் ஒடித்து வைத்திருந்தால், பின்னாலிருந்து யாராவது இடிக்கும்போது கார் எதிர்வரும் வண்டிக்கு நேராகத் தள்ளப்படும்.

6. நீங்கள் நுழையும் தெருவைக் கடக்கும் ஆட்களைப் பார்த்துத் திரும்புங்கள். பச்சை அம்பு அணைந்ததா என்று உறுதி செய்யுங்கள்.

இடப்புறத் திருப்பத்தில் வரிசை இதேதான், ஆபத்து வேறு. காருக்கும் நடைபாதைக்கும் நடுவே ஓர் ஆள் அகலம் இடைவெளி இருந்தால் போதும், அதில் ஒரு ஸ்கூட்டர் வந்துவிடும். திரும்புவதற்கு முன்பே இடது ஓரத்தை நெருங்கி அந்த இடைவெளியை மூடுங்கள். ஸ்டியரிங்கைத் தொடும் முன் இடது கண்ணாடியைக் கடைசியாக ஒருமுறை பாருங்கள்.

ஐந்து நொடிக் கணக்கு ஒரு இடத்தில் மட்டும் பொருந்தாது. நீங்கள் திரும்ப வேண்டிய தெருவுக்கு முன்பே இன்னொரு தெரு இருந்தால், அதைத் தாண்டும் நேரத்தில்தான் இண்டிகேட்டர் போட வேண்டும். முன்னதாகப் போட்டால், முதல் தெருவின் வாயில் நிற்பவர் நீங்கள் உள்ளே வரப் போகிறீர்கள் என்று நம்பி வண்டியை வெளியே எடுத்துவிடுவார்.

ரவுண்டானா, யூ-டர்ன், முந்துதல்

ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கு, அதாவது உங்கள் வலப்புறமிருந்து வருவதற்கு, வழிவிட வேண்டும். முதல் இடது வழியில் வெளியேறுவதானால் நுழையும் முன்பே இடது இண்டிகேட்டர். நேராகப் போவதானால் நுழையும்போது எதுவும் வேண்டாம். நீங்கள் வெளியேறும் வழிக்கு முந்தைய வழியைத் தாண்டியதும் இடது. வலப்புறம் போகவோ, வந்த வழியே திரும்பவோ என்றால் வலது போட்டு நுழைந்து, வெளியேறும் முன் இடதுக்கு மாற்றுங்கள். அந்தக் கடைசி இடது இண்டிகேட்டரை நம்பித்தான் அடுத்த வாயில் காத்திருப்பவர் கிளம்ப முடியும். நம் ஊரில் அதைப் போடுகிறவர்கள் அபூர்வம்.

சென்னை ஓ.எம்.ஆர். போன்ற சாலைகளில் யூ-டர்ன் எடுக்க வலது ஓரத்து லேனுக்கு முன்பே வந்துவிட வேண்டும். லேன் மாற ஒரு முறை, யூ-டர்னுக்கு ஒரு முறை. இண்டிகேட்டரை நடுவில் அணைத்து மறுபடி போட்டால்தான் இரண்டும் வேறு வேறு செய்கை என்று பின்னால் இருப்பவருக்குத் தெரியும்.

முந்தும்போது வலது இண்டிகேட்டர் போட்டு வெளியே வாருங்கள். முந்திய வண்டியின் முன்பக்கம் முழுவதும் உங்கள் உள்கண்ணாடியில் தெரிந்த பிறகு இடது இண்டிகேட்டர் போட்டு உள்ளே வாருங்கள். ஓரத்தில் நிறுத்திய காரை எடுக்கும்போது வலது. சர்வீஸ் ரோட்டிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏறும்போதும் வலதுதான். சாலையே வளைந்து போகும் இடத்தில் இண்டிகேட்டர் தேவையில்லை; நீங்கள் பாதையை விட்டு விலகவில்லையே.

லாரியின் வலது இண்டிகேட்டர்

நெடுஞ்சாலையில் பழகியவர்களுக்கே குழப்பம் தருவது இது. இருவழிச் சாலையில் முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போடுகிறது. ‘வலது பக்கம் வழி இருக்கு, ஏறிப் போ’ என்று சைகை காட்டும் டிரைவர்கள் உண்டு. ‘எதிரே வண்டி வருது, முந்தாதே’ என்பதற்கும் அதையே போடுகிறவர்கள் உண்டு. இன்னும் சிலர் உண்மையிலேயே வலப்புறம் பெட்ரோல் பங்குக்கோ தாபாவுக்கோ திரும்பப் போகிறார்கள். மூன்றுக்கும் ஒரே விளக்கு.

சட்டப்படி இண்டிகேட்டருக்கு ஒரே பொருள்தான்: போட்டவர் அந்தப் பக்கம் நகரப் போகிறார். அந்தப் பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். லாரியின் வேகம் குறைகிறதா, நடுக்கோட்டை நோக்கி நகர்கிறதா என்று பார்த்து, எதிர்ச்சாலை உங்கள் கண்ணுக்கே காலியாகத் தெரிந்தால் மட்டும் முந்துங்கள். நீங்களும் பின்னால் வருபவருக்கு இண்டிகேட்டரால் அனுமதி கொடுக்காதீர்கள். நல்லெண்ணம்தான், ஆனால் அவர் பார்க்கும் சாலையை நீங்கள் பார்க்கவில்லை.

ஹெட்லைட்டை மின்னவிடுவதிலும் இதே சிக்கல். ‘நீங்க போங்க’ என்று பொருள்படும் ஊர்கள் உண்டு. தமிழ்நாட்டுச் சாலையில் பெரும்பாலும் ‘நான் வர்றேன், நீ நில்லு’ என்றே பொருள்.

நாலு இண்டிகேட்டர்

சிவப்பு முக்கோணப் பொத்தானை அமுக்கினால் நான்கு மூலை இண்டிகேட்டர்களும் ஒன்றாக மின்னும். ஹசார்டு என்பது இதன் பெயர். இதைப் ‘பார்க்கிங் லைட்’ என்று அழைப்பதால்தான், நோ பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு இதைப் போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை வந்ததோ என்னவோ.

பஞ்சர், இன்ஜின் கோளாறு, விபத்து என வண்டி நிற்கக் கூடாத இடத்தில் நின்றுவிட்டால் போடுங்கள். கயிறு கட்டி இழுத்துப் போகும்போதும் போடலாம். நெடுஞ்சாலையில் முன்னால் திடீரென எல்லாம் நின்றிருந்தால், பின்னால் வருபவர் வேகம் குறைக்கும்வரை சில நொடி போடுவதும் பயனுள்ளது.

நாற்சந்தியில் ‘நேராகப் போகிறேன்’ என்பதற்கு இதைப் போடாதீர்கள். குறுக்குத் தெருவில் நிற்பவருக்கு உங்கள் காரின் ஒரு பக்கம்தான் தெரியும். அந்தப் பக்க இண்டிகேட்டர் மட்டும் மின்னுவதைப் பார்த்து, நீங்கள் திரும்பப் போவதாக நினைத்துக் கிளம்பிவிடுவார். நேராகப் போக எந்த விளக்கும் வேண்டாம். கொட்டும் மழையிலும் இதே தவறு நடக்கிறது: நாலும் மின்னிக்கொண்டிருந்தால் நீங்கள் லேன் மாறுவதைச் சொல்ல வேறு விளக்கு இல்லை, ஓடும் வண்டியா நின்ற வண்டியா என்பதும் புரியாது. மழைக்கு லோ பீம், அதாவது தாழ்வாக விழும் ஹெட்லைட் ஒளி போதும்.

ஹெட்லைட்: லோ, ஹை, டி.ஆர்.எல்.

பல கார்களில் இண்டிகேட்டர் லீவரின் முனையைத் திருகினால் முதல் நிலை சிறு விளக்குகள், அடுத்தது ஹெட்லைட். மீட்டரில் பச்சை என்றால் லோ பீம், நீலம் என்றால் ஹை பீம். அந்த நீல விளக்கு எரிந்தால் எதிரே வருபவரின் கண் கூசுகிறது என்று பொருள். சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகிலிருந்து, உதிக்க அரை மணி நேரம் முன்பு வரை விளக்குப் போட வேண்டும் என்கிறது மோட்டார் வாகன விதி. வெளிச்சம் போதாத எந்த நேரத்துக்கும் அது பொருந்தும்.

புதிய கார்களில் ஒரு பொறி இருக்கிறது. பகலில் தானாக எரியும் டி.ஆர்.எல். விளக்கு முன்பக்கம் பளிச்சென்று தெரியும்; மீட்டரும் எப்போதும் ஒளிரும். இரவில் தெருவிளக்கு உள்ள நகரத்தில் ஓட்டுபவர் ஹெட்லைட் எரிவதாகவே நினைத்துக்கொள்வார். ஆனால் பெரும்பாலான கார்களில் டி.ஆர்.எல். எரியும்போது பின்விளக்கு எரியாது. பின்னாலிருந்து பார்த்தால் வண்டி இருட்டுக்கட்டிதான். ஆட்டோ நிலை இருந்தால் அதிலேயே விட்டுவிடுங்கள். இல்லையென்றால் இருட்டும்போது கையால் போடுங்கள். (இரு சக்கர வண்டிகளுக்கு 2017 ஏப்ரல் முதல் ஹெட்லைட் தானாக எரிவது கட்டாயம் என்பதால், பகலில் பைக்கின் விளக்கு எரிவதைப் பார்த்து ‘லைட்டு எரியுது’ என்று கை காட்ட வேண்டியதில்லை.)

ஹை பீம் என்பது தெருவிளக்கில்லாத, எதிரே யாருமில்லாத சாலைக்கு. எதிர்வண்டியின் விளக்கு கண்ணில் பட்ட உடனே டிம் பண்ணுங்கள்; முன்னால் போகும் வண்டியை நெருங்கும்போதும் அப்படியே. எதிரில் இருப்பவர் டிம் பண்ணவில்லை என்றால் பதிலுக்கு ஹை பீம் போடுவதால் கண் தெரியாதவர் இரண்டு பேர் ஆவார்கள், அவ்வளவுதான். வேகத்தைக் குறைத்து, சாலையின் இடது ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள்.

லோ பீமில் 80 கி.மீ. வேகம் ஏன் ஆபத்து என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அந்த வேகத்தில் மூளை விழித்து கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி, 33 மீட்டர். நல்ல டயர், காய்ந்த தார்ச்சாலையில் நிற்க இன்னும் ஏறத்தாழ 36 மீட்டர். மொத்தம் 70. சாதாரண ஹாலஜன் லோ பீம் தெளிவாகக் காட்டுவது 50 மீட்டரை ஒட்டித்தான். பின்விளக்கில்லாத கரும்பு டிரெய்லர் ஒன்று அந்த இடைவெளியில் நின்றிருந்தால் போதும்.

ஊட்டி, கொடைக்கானல் பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். பனித்துளி ஒளியைத் திருப்பி அடிக்கிறது. லோ பீமும், கீழே இருக்கும் முன் ஃபாக் லைட்டும் சேர்ந்து போடுங்கள். பின் ஃபாக் லைட் இருந்தால் மீட்டரில் மஞ்சள் குறி எரியும். அது பிரேக் லைட் அளவுக்குப் பிரகாசம். பனி விலகியதும் அணைக்காவிட்டால் பின்னால் வருபவருக்குக் கண் வலிக்கும், பிரேக் லைட்டும் அதில் கரைந்துவிடும். குறுகிய மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை. இரவில் கொண்டை ஊசி வளைவுக்கு முன் ஹை-லோ மாற்றி இரண்டு முறை காட்டுவது, ஹாரனை விட முன்னதாக எதிரே இருப்பவருக்குப் போய்ச் சேரும்.

மற்றவர் விளக்கைப் படிப்பது

முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இண்டிகேட்டர் ஆரஞ்சு, ரிவர்ஸ் வெள்ளை. இந்த நிற ஒழுங்கினால்தான் இருட்டில் தூரத்து வண்டி வருகிறதா போகிறதா என்று தெரிகிறது. பின்னால் நீலமும் பச்சையுமாக அலங்கார விளக்கு மாட்டுவதும், பின்விளக்குக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதும் இதைத்தான் கெடுக்கின்றன.

எதிரே ஒற்றை விளக்கு வந்தால் அது பைக் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு ஹெட்லைட் போன லாரியாகவும் இருக்கலாம். எரிவது எந்தப் பக்கத்து விளக்கு என்பதும் தெரியாது. முழு அகல வண்டி என்றே கணக்கு வைத்து ஒதுங்குங்கள்.

பைக் இண்டிகேட்டர்கள் பெரும்பாலும் தானாக அணைவதில்லை. இரண்டு கிலோமீட்டராக மின்னிக்கொண்டே போகும் பைக்கின் விளக்கை நம்பாமல், ஓட்டுபவரின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, வேகம் குறைகிறதா என்று பாருங்கள். ஆட்டோவுக்கு இண்டிகேட்டர் கையிலும் சில நேரம் காலிலும் இருக்கும்.

நிறுத்தத்தில் நிற்கும் பஸ் வலது இண்டிகேட்டர் போட்டால் கிளம்பப் போகிறது. வரிசையாக நிற்கும் கார்களில் ஒன்றில் வெள்ளை விளக்கு எரிந்தால் அது பின்னால் வரப் போகிறது.

என்ன கோளாறு, ஏன்

ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் வேகமாக மின்னினால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போய்விட்டது. 21 வாட் பல்பு ஒன்று எரியாதபோது மின்னோட்டம் குறைகிறது. இண்டிகேட்டரை மின்னவைக்கும் பிளாஷர் அதை உணர்ந்து வேகத்தைக் கூட்டி உங்களுக்குச் சொல்கிறது. பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டினாலும் இதே படபடப்பு வரும், எல்.இ.டி. குறைவாகவே மின்சாரம் எடுப்பதால். எல்.இ.டி.க்கு ஏற்ற பிளாஷரோ, குறைந்த மின்னோட்டத்தை ஈடுகட்டும் லோடு ரெசிஸ்டரோ மாட்ட வேண்டும். ரெசிஸ்டர் நன்றாகச் சூடாகும், பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் இரும்பில் மாட்டச் சொல்லுங்கள்.

இரண்டு பக்கமும் எரியவில்லை, ஹசார்டும் இல்லை என்றால் ஃபியூஸ் அல்லது பிளாஷர். ஹசார்டு மட்டும் வேலை செய்தால் பல்புகள் நன்றாக இருக்கின்றன. லீவர் சுவிட்சைப் பார்க்க வேண்டும். ஃபியூஸ் நிறம் அளவைச் சொல்லும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. சிவப்பு எரிந்துபோன இடத்தில் மஞ்சள் மாட்டினால் அடுத்து எரிவது வயர்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது, இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மின்னுகிறது என்றால் பல்பை மாற்றிப் பயனில்லை. அது எர்த்து கோளாறு. போக வழியில்லாத மின்சாரம் பக்கத்து பல்பு வழியாகத் திரும்புகிறது. ஹோல்டரின் எர்த்து வயரும், அது பாடியில் திருகியிருக்கும் இடமும் துரு பிடித்திருக்கும். சுரண்டி இறுக்கினால் சரியாகும்.

மூன்று பிரேக் லைட்டும் ஒரே நேரத்தில் போனால் பல்பைச் சந்தேகிக்காதீர்கள். ஃபியூஸைப் பார்த்துவிட்டு, பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சிறிய சுவிட்சைப் பாருங்கள். காலை எடுத்த பிறகும் பிரேக் லைட் எரிந்தால் அதே சுவிட்ச்தான். இரவோடு இரவாக பேட்டரியைக் காலி செய்துவிடும்.

பல்பு மாற்றும்போது

பழைய பல்பைக் கையில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். பின்விளக்கும் பிரேக் லைட்டும் சேர்ந்த பல்பில் 21 வாட், 5 வாட் என இரண்டு இழை. அதன் பக்கவாட்டு முனைகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருக்கும். ஆரஞ்சு இண்டிகேட்டர் பல்பில் முனைகள் நேர் எதிராக இராமல் சற்று விலகியிருக்கும். வேறு பல்பு மாட்டிவிடக் கூடாதென்றே இப்படி. உள்ளே போகவில்லை என்றால் அமுக்காதீர்கள்; அது அந்த இடத்துப் பல்பு இல்லை.

ஹெட்லைட் எச்4 பல்பு 60/55 வாட். 100/90 மாட்டினால் ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும், சட்டத்துக்கும் புறம்பு. ஹாலஜனுக்காகச் செய்த கூட்டில் மலிவு எல்.இ.டி. மாட்டினால் ஒளி கலைந்து சிதறும்: எதிரே வருபவர் திட்டுவார், உங்களுக்கும் சாலை சரியாகத் தெரியாது. ஹாலஜன் கண்ணாடியை விரலால் தொட்டால் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடாகிப் பல்பு சீக்கிரம் போகும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடையுங்கள்.

ஹெட்லைட் ஒளி சரியான உயரத்தில் விழுகிறதா என்று ஃபோகஸ் பார்ப்பது எளிது. டயர் காற்று சரிபார்த்து, ஓட்டுநர் மட்டும் உட்கார்ந்து, உயரம் மாற்றும் குமிழை 0-வில் வைத்து, சமதளத்தில் சுவருக்கு 5 மீட்டர் முன் நிறுத்துங்கள். ஹெட்லைட் நடுப்புள்ளியின் உயரத்தைச் சுவரில் குறியுங்கள். லோ பீமின் மேல்விளிம்பு அந்தக் குறிக்கு 5 செ.மீ. கீழே விழ வேண்டும். இடது முனை மட்டும் சற்று மேலே ஏறும், ஓரத்து நடப்போரைக் காட்டுவதற்காக. டிக்கி நிறையச் சாமான், பின்சீட்டில் மூவர் என்றால் குமிழை 2 அல்லது 3-க்குத் திருப்புங்கள், இல்லையென்றால் முன்பக்கம் தூக்கி வெளிச்சம் மரக்கிளையில் விழும்.

விளக்குகளைச் சோதிக்க இன்னொரு ஆள் தேவையில்லை. இருட்டியபின் வீட்டுச் சுவருக்குப் பின்பக்கத்தைக் காட்டி நிறுத்தி, பிரேக் மிதித்து, ரிவர்ஸ் போட்டு, இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியில் சுவரைப் பாருங்கள். மாதம் ஒருமுறை போதும். மலைக்கோ வெளியூருக்கோ கிளம்பும் முன் கட்டாயம்.

வழியில் இண்டிகேட்டர் முழுதாகப் போய்விட்டால் கை இருக்கிறது. வலது கையை உள்ளங்கை முன்னோக்க நேராக நீட்டினால் வலப்புறம். நீட்டிய கையைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் இடப்புறம். உள்ளங்கை கீழ்நோக்க மேலும் கீழும் அசைத்தால் வேகம் குறைக்கிறேன். முன்கையை நிமிர்த்திக் காட்டினால் நிற்கப் போகிறேன். இரவில் கை தெரியாது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை வரும்வரை இடது ஓரமாக, மெதுவாகப் போய்ச் சேருங்கள்.